மறைந்த இசைவாணரும் நாடகவாணரும்: நாம் செய்யக்கடவது யாது?

மக்கட்கு உடம்பு இரண்டு என்பர் ஆன்றோர்: ஒன்று பூதவுடம்பு, மற்றொன்று புகழுடம்பு. முன்னது மண்ணோடு மண்ணாய் மறையும். பின்னது நிலைத்து நிற்கும். ஆயினும் புகழுடம்பு தானே நில்லாது. அதனைத் தாங்குதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். புலவன் புகழை அவன் யாத்த நூல் தாங்கும்; சிற்பியின் புகழை அவன் வடித்த கல் தாங்கும்; அரசன் புகழை அவன் எடுத்த கோயிலும் தொட்ட குளமும் தாங்கும். பாடுவோன், குழலூதுவோன், முழவு கொட்டுவோன், ஆடுவோள், அரங்கேறி நடிப்போன் என்னும் இவர்கட்கோவெனின், அவர்தம் தொழில் அவர் மூச்சோடு எழுந்து மூச்சோடு அடங்குவது. கேட்டவர் செவியும் கண்டவர் கண்ணுமே அதற்குப் பற்றுக்கோடு. கேட்டவரும் கண்டவரும் மறைந்துழி, அக்கலைஞன் இரண்டாம் முறையும் இறந்துபடுகின்றான். இவ்விரண்டாம் சாவைத் தடுத்தல் நம்மனோர் கடன் என்பதே இக்கட்டுரையால் யாம் கூறப் புகுந்தது.

பழந்தமிழர் இக்கடனை நன்குணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஓதியவர் அறிவர். ஆடல் மகளாகிய மாதவியின் சிறப்பை மட்டும் கூறி இளங்கோவடிகள் அமைந்தாரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருடைய இலக்கணத்தையும் தனித்தனியே வகுத்தோதினார். அரங்கின் நடுவே நிற்பவர் ஒருவரேயாயினும், அவ்வரங்கைத் தாங்குவோர் பலர் என்பதை அவ்வடிகள் மறந்திலர்.

அவர்க்குப் பின் வந்த சோழப் பெருமன்னன் முதலாம் இராசராசனும் அங்ஙனமே செய்தான். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் புறச்சுவரில், ஏறத்தாழ 1014-ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட நெடிய கல்வெட்டொன்று உளது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அது ஒவ்வொன்றாகக் கூறுகின்றது. இன்னார் இன்ன தெருவில், இன்ன சிறகில், இத்தனையாவது வீட்டினர் என்பதும், அவர் எக்கோயிலினின்று வந்தவர் என்பதும் அதன்கண் உள. ஒருவர்க்கு ஆண்டிற்கு நூறு கலம் நெல் பங்காக வகுக்கப்பட்டது. நட்டுவம் செய்வோர், பாடுவோர், கொட்டுவோர், குழலூதுவோர் ஆகியோர்க்கும் பங்குகள் குறிக்கப்பட்டன. அவருள் ஒருவர் இறப்பினும், வேற்றூர் செல்லினும், அவர்க்கு அடுத்த உரிமையுடையார் அப்பணியைச் செய்து அப்பங்கினைப் பெறுதல் வேண்டும் என்பதும், அவர் தகுதியுடையரல்லரேல் தகுதியுடையார் ஒருவரைத் தெரிந்து அமர்த்துதல் வேண்டும் என்பதும் அக்கல்லிற் கண்ட முறையாகும்.

அந்நானூற்றுவரே நம் பாட்டிமார் என்று கொடிவழி காட்டி இறுமாப்பது வரலாறு ஆகாது. யாம் அதனைக் கூறவும் இல்லை. யாம் வியப்பது வேறொன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஆண்ட ஓர் அரசன், தன் பெயர் பொறித்த கல்லிலேயே ஆடுமகளிர் பெயர்களையும் பொறித்தல் தகும் என்று எண்ணினான். நாமோ, நம் கொள்ளுப்பாட்டியார் பெயரைக் குழந்தைகட்குக் கூறுதற்கும் தயங்குகின்றோம். இத்தயக்கம் எங்ஙனம் வந்தது என்பதை ஆராய்வாம்.

மறதிக்குக் காரணம் மூன்று என்பது எம் கருத்து. ஒலி காற்றிற் கரைதல் ஒன்று. ஒருவர் பேரொளியில் உடனிருந்தார் மறைதல் இரண்டு. நாணத்தால் நாமே மறைத்தல் மூன்று. இவற்றை முறையே காண்பாம்.

காற்றிற் கரைந்த ஒலி

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை அவர்களை (1889–1934) முதற்கண் நினைப்பாம். இவர் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் உடன்பிறந்தார் வழியில் தோன்றியவர். தாளக்கணக்கில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர். திருப்புகழ்ச் சந்தங்களை மேடையிற் கையாண்டு கற்றோரை வியப்பித்தவர். பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியக்காரர் பலர் சூழ அமர்ந்து, அவர் அனைவருடைய லயத்திற்கும் தாம் ஒருவரே ஈடு கொடுத்துப் பல்லவி பாடுவது அவர் வழக்கம். ஆயினும் அவர் குரல் இசைத்தட்டில் நமக்குக் கிடைத்திலது. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு அகவையில் அவர் மறைந்தார், அக்குரலும் மறைந்தது.

எனினும் நாயனா பிள்ளை முழுதும் மறைந்தாரல்லர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும், வீணை தனம்மாளின் பேர்த்தியராகிய பிருந்தாவும் (1912–1996) முக்தாவும் (1914–2007) அவரிடம் கற்றவர்கள். மாணாக்கர் நெஞ்சே அவர்க்கு இசைத்தட்டாயிற்று. ஆசிரியன் ஒருவனுடைய நினைவு நிலைபெறும் வழிகளுள் தலையாயது இதுவே.

வீணை தனம்மாளின் (1867–1938) நிலை சிறிது வேறு. சென்னை ஜார்ஜ் டவுனில் இராமகிருஷ்ண செட்டித் தெருவிலுள்ள தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவ்வம்மையார் வீணை வாசிப்பார். அந்நாதம் மிக மெல்லியது. அருகில் ஒருவர் பேசினும் கேளாது. ஆதலால் அவ்வீட்டில் கேட்போர் மூச்சும் அடங்கியிருத்தல் முறையாயிற்று. அம்மையார்க்குப் பிற்காலத்திற் கண்பார்வை ஒழிந்தது. 1930-களில் இசைத்தட்டில் சில பதியப்பெற்றன. அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்கட்கு மேல் ஓடாது. மணிக்கணக்கில் விரியும் இசையை அச்சிமிழினுள் அடைத்தல் யாங்ஙனம் இயலும்? கடலைக் கமண்டலத்தில் மொண்டது போன்றதே அது. எனினும் கமண்டல நீரேனும் நமக்கு எஞ்சியது. கடலைக் காண விழைவோர், அவர் குடும்பத்து மகளிர் வாய்வழி வந்த பதங்களிலும் சாவளிகளிலும் அதனைக் காணலாம்.

உடனிருந்து மறைந்தோர்

திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) பெயரை அறியாத தமிழர் இலர். பெயரின் முன் நிற்கும் எழுத்துக்கள் அவரை வளர்த்த மாமனார் திருமருகல் நடேச பிள்ளையைக் குறிப்பன என்பதை அறிந்தவரோ சிலரே. இராசரத்தினம் பிள்ளை இளமையில் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார்; பின்னரே நாகசுரம் அவர்க்கு உரியதாயிற்று. அவர் வாசித்த தோடி இசைத்தட்டு வாயிலாகத் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' என்னும் படத்தில் புலவர் காளமேகமாகத் தோன்றி, நடிகர் வரிசையிலும் இடம்பெற்றார். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை எய்திய காலத்து, திருவாவடுதுறை ஆதீனத்தாருடன் தில்லி சென்று மங்கல இசை முழக்கினார்.

அவர் செய்த மாற்றங்கள் இரண்டினை நம் இளைஞர் அறிதல் நலம். முன்னாளில் நாகசுரம் 'திமிரி' எனப்படும் குறுகிய கருவி, உயர்ந்த சுருதியுடையது, திருவீதியில் நெடுந்தொலைவு கேட்டற்கு உரியது. மண்டபத்தில் அமர்ந்து நுட்பமாக வாசித்தற்கு நீண்ட கருவியும் தாழ்ந்த சுருதியும் வேண்டும் என்று பிள்ளையவர்கள் கருதினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் ஆச்சா மரத்தைக் கடைந்து அத்தகைய 'பாரி' நாயனத்தைச் செம்மையுற அமைத்துக் கொடுத்தார். நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாளிதழ்களிற் கண்டிருப்பீர்கள். நாயனம் ஊதியவரை நாடு அறிந்தது. நாயனம் கடைந்தவரை அவ்வூரார் மட்டுமே அறிந்திருந்தனர்.

மற்றொரு மாற்றம் ஒத்தினைப் பற்றியது. நாகசுரத்தோடு ஒத்து ஊதுவோர் ஒருவர் எப்பொழுதும் நிற்பர். மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே, கன்னத்தில் தேக்கிய காற்றினை இடையறாது குழலுட் செலுத்தி, ஒரே சுருதியை நாழிகைக்கணக்கில் நிறுத்துவது அவர் தொழில். அதன் அருமை செய்து பார்த்தவர்க்கே தெரியும். இராசரத்தினம் பிள்ளை ஒத்தினை விடுத்துத் தம்பூராவையும் சுருதிப்பெட்டியையும் மேற்கொண்டார். இசைக்கு அது நன்மையாயிற்று. நாகசுரம் அரங்கில் ஏனை இசைகளோடு ஒருங்கு அமரும் பெருமை எய்திற்று. ஆனால் பிறரும் அவ்வழியே செல்லச் செல்ல, ஒத்துக்காரர் என்னும் ஒரு கூட்டமே மெல்ல மெல்லத் தேய்ந்தது. வளர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் அதன் விலையையும் எழுதுதல் வேண்டும். நம் வீடுகளில் ஒத்து ஊதிய பாட்டனார் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. அவர் பெயர் எங்கே எழுதப்பட்டுளது?

தவிற்காரர் நிலையும் இத்தகையதே. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) தவிலை ஒரு பெருங்கலையாக உயர்த்தியவர். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) ஈழத்தினின்று வந்து தமிழகத்துத் தவில் மேதைகளையும் தலைவணங்கச் செய்தவர். தவிற்காரர் பழனி முத்தையா பிள்ளையின் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையால் மிருதங்கம் வாசித்துத் தமக்கென ஒரு வழி கண்டவர். இவர்கள் பெயரேனும் நின்றன. தாளம் போட்டவர், நாடகக் கொட்டகையில் பின்பாட்டுப் பாடியவர், ஆர்மோனியம் வாசித்தவர் என இவர்கள் பின் நின்ற பல்லாயிரவர் பெயர்கள் நிற்கவில்லை. இளங்கோவடிகள் செய்ததை நாம் செய்யத் தவறினோம்.

நாணத்தால் மறைத்தவை

மூன்றாவது காரணமே மிகவும் நோவு தருவது. ஆயினும் அதனைக் கூறாது விடுத்தால் இக்கட்டுரை பொய்யாகும்.

கோயில்களிற் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தால் ஒழிந்தது. அதன்பொருட்டு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் (1886–1968) சட்டமன்றத்தினுள்ளும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) ஊர்தோறும் மேடைதோறும் உழைத்தனர். அவ்வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து கண்டவர் மூவலூர் அம்மையார்; முத்துலட்சுமி ரெட்டியாரின் அன்னையாரும் இக்குலத்தில் தோன்றியவரே. நம் பெண்மக்கள் இன்று கல்லூரியிற் பயின்று, தாம் விரும்பிய தொழிலை மேற்கொண்டு, தலைநிமிர்ந்து வாழ்வது அவர்கள் உழைப்பின் பயனாகும். இதில் ஐயம் சிறிதும் இல்லை.

ஆனால் வழக்கத்தை ஒழித்த கையோடு, அவ்வழக்கத்தினுள் பிறந்து வாழ்ந்த பெண்மணிகளின் பெயரையும் நாம் ஒழித்துவிட்டோம். சுவரில் தொங்கிய படங்கள் பெட்டிக்குட் சென்றன; பெட்டிகள் பரணுக்குச் சென்றன. "பழையதைக் கிளறாதீர்" என்பதே பல வீடுகளில் முதியோர் கூறும் விடையாயிற்று. அவர்தம் அச்சத்தை யாம் குறைகூறோம். வசை கேட்ட செவி அவருடையது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்பொழுது அயலார் உசாவும் கேள்விகளைத் தாங்கியவரும் அவரே. எனினும் குற்றம் யாருடையது? ஒரு பெண்ணின் கலையை நுகர்ந்து, அவளை இழிவாகப் பேசிய சமூகத்தின் குற்றம் அது. அக்குற்றத்திற்காக அப்பெண்ணின் பெயரை நாமே அழித்தால், தண்டனையை அவள்மேல் இரண்டாம் முறையும் சுமத்தியவராவோம்.

பெங்களூர் நாகரத்தினம்மாளின் (1878–1952) வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். முத்துப்பழனி என்னும் பெண்புலவர் தெலுங்கில் இயற்றிய 'இராதிகா சாந்தவனம்' என்னும் நூலை அவ்வம்மையார் 1910-இல் திருத்தமுறப் பதிப்பித்தார். ஆங்கில அரசாங்கம் அதனைத் தடை செய்தது. திருவையாற்றில் தியாகராசர் சமாதி பாழ்பட்டுக் கிடந்தமை கேட்டு, தாம் பாடி ஈட்டிய பொருளைக் கொண்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பி, 1926-இல் குடமுழுக்குச் செய்வித்தார். அங்கு நிகழ்ந்த ஆராதனையிற் பெண்கள் பாட இடமில்லை என்று ஆடவர் விலக்கியபொழுது, மகளிரைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். பின்னர்ப் பிரிந்திருந்த கூட்டங்கள் ஒன்றுபட்டன, பெண்களும் பாடினர். தியாகராசர் சந்நிதிக்கு எதிரிலேயே அவ்வம்மையாரின் சமாதியும் அமைந்துளது. இன்று தைமாதத்தில் அங்குச் சென்று பாடும் ஒவ்வொருவரும் அவர் கட்டிய மனையிலேயே பாடுகின்றனர்.

இந்நாகரத்தினம்மாள், முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியை எதிர்த்து முறையிட்டவருள் ஒருவர் என்பதும் வரலாறு. தம் கலையும் சொத்துரிமையும் அழியும் என்று அவர் அஞ்சினார். இராமாமிர்தம் அம்மையாரோ, அவ்வழக்கம் அழிந்தாலன்றிப் பெண்களுக்கு மானம் இல்லை என்றார். சட்டம் வேண்டும் என்றவரும் நம்மவர். வேண்டா என்றவரும் நம்மவர். ஒருவரை நினைத்து மற்றவரை மறப்பது நேர்மையன்று. பொட்டுக்கட்டுதல் ஒழிந்தமை நன்றே என்று துணிந்துகொண்டே, நாகரத்தினம்மாளின் அச்சமும் முழுதும் வீண் அன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளலாம். மேடை கைமாறிற்று, பலர் வறுமையுற்றனர் என்பது மெய்.

கைமாறியபொழுதும் கலையைக் கைவிடாதவர் தஞ்சாவூர் பாலசரசுவதி (1918–1984). ஏழாண்டுச் சிறுமியாய் 1925-இல் காஞ்சிபுரத்துக் கோயிலில் அரங்கேறியவர் அவர். அவர்க்கு ஆசிரியர், தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளை (1899–1941). தனம்மாளின் பேர்த்தியாகிய பாலசரசுவதிக்கு, அன்னையார் சயம்மாள் பாட, அபிநயம் நாவோடும் செவியோடும் கூடி வளர்ந்தது. சதிர் இழிந்தது என்று பலர் பேசிய நாளில் அவர் அதனை மறைத்தாரல்லர். தம் குலத்தை மறுத்தாரும் அல்லர். 1973-இல் சென்னை வித்துவசபை அவர்க்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்தது. 1976-இல் சத்தியசித் ராய் அவரைப் பற்றிப் 'பாலா' என்னும் படம் எடுத்தார். அவர் உடன்பிறந்தாராகிய இரங்கநாதனும் விசுவநாதனும் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் புல்லாங்குழலும் கற்பித்தனர். நாம் பரணில் ஏற்றியதை அவர்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்றினர்.

எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் (1916–2004) பெயரிலும் ஒரு பாடம் உளது. 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பது அவர் அன்னையாராகிய வீணை சண்முகவடிவு. அவர் பாட்டியார் அக்கம்மாள் பிடில் வாசித்தவர். 1968-இல் சங்கீத கலாநிதி பெற்ற முதற் பெண்மணி. 1998-இல் பாரதரத்தினம் பெற்றவர். ஐக்கிய நாடுகள் மன்றத்தில் 1966-இற் பாடியவர். இப்புகழனைத்தும் அடைந்த பின்னரும் தாயின் பெயர் முன்னே நின்றது. உலகம் 'எம். எஸ்.' என்று அழைத்தபொழுதெல்லாம், அறிந்தோ அறியாமலோ மதுரைச் சண்முகவடிவையே அழைத்தது.

நாடகத் துறையில், கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களே அனைத்து வேடமும் புனையும் நாடகக் குழுவொன்றை நடத்தினார். அந்நாடகம் காணச் சென்றோர்க்கெனத் தனி இரயில் வண்டிகள் விடப்பட்டன என்று முன்னோர் எழுதி வைத்துளர். படவுலகில், பாடகி தஞ்சை குசலாம்பாளின் பேர்த்தியாகிய டி. ஆர். இராசகுமாரி (1922–1999) 'கச்ச தேவயானி' (1941), 'அரிதாசு' (1944), 'சந்திரலேகா' (1948), 'மனோகரா' (1954) முதலிய படங்களில் நடித்துப் புகழ் பெற்றார். சென்னைத் தியாகராயநகரில் தம் பெயரால் ஒரு திரையரங்கும் கட்டினார். அவ்வரங்கு இன்று இல்லை. கல்லாற் கட்டியதும் இடிக்கப்படும். எழுத்தாற் கட்டியதே எஞ்சும்.

நாம் செய்யக்கடவது

நினைத்தல் என்பது மாலை சாத்திப் புகழுரை கூறுதல் அன்று. மறைந்தோரைப் பற்றி நம் கூட்டங்களிற் பேசப்படுவனவற்றுட் பல, கேட்டோர் கேட்டதைப் பெருக்கிய கதைகள். இராசரத்தினம் பிள்ளையின் செருக்கைப் பற்றி நூறு கதைகள் உலவுகின்றன. அவர் சாதகம் செய்த முறையைப் பற்றிக் கூறுவார் சிலரே. கதை இனிது, ஆனால் கதை மட்டுமே எஞ்சினால் மனிதன் மறைந்துபோவான். ஆதலின், யார் கண்டது, எவ்வூரில், எவ்வாண்டில் என்று கேட்கும் வழக்கம் நம்மிடை வேண்டும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு குடும்பத்தாரும் ஓர் ஏட்டினை எடுத்துக்கொள்க. தம் மரபில் பாடியவர், ஆடியவர், ஊதியவர், கொட்டியவர், நட்டுவாங்கம் செய்தவர், நாடகத்திலும் படத்திலும் நடித்தவர் யாவர் என்று எழுதுக. பிறந்த ஊர், கற்பித்த ஆசிரியர், கற்ற மாணாக்கர், பணி செய்த கோயில், மறைந்த ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவளவிற் குறிக்க. பழைய கச்சேரி நோட்டீசு, கலியாண அழைப்பிதழ், கடிதம், கோயிற் கணக்குச் சீட்டு, இசைத்தட்டு, நிழற்படம் ஆகியவற்றைக் குப்பையில் எறியாது காக்க. படத்தின் பின்புறத்தில், அதிலுள்ளார் பெயரை இன்றே எழுதி வைக்க. பெயர் தெரியாத படம் பத்தாண்டு கழிந்தால் வெறுந்தாளே. எண்பது வயதினைக் கடந்த பாட்டிமாரிடம் கைப்பேசியை வைத்துப் பேசச் செய்து, அப்பேச்சைப் பதிந்து கொள்க. நாயனா பிள்ளை காலத்தில் இல்லாத வசதி நம் சட்டைப்பையில் இருக்கின்றது.

பெண்கள் பெயரை எழுதும்பொழுது கை நடுங்க வேண்டா. 'இன்னாரின் தாயார்' என்று மட்டும் எழுதி அமையாது, அவருடைய சொந்தப் பெயரையே எழுதுக. அவர் பாடிய பதம் யாது, ஆடிய கோயில் யாது என்று எழுதுக. வெளியிட விரும்பாத செய்தியை வெளியிட வேண்டுவதில்லை. வீட்டேட்டிலேனும் அது இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறுவாம். இக்கலை நம் குலத்திற்கே உரியது என்னும் தருக்கும் தவறு. இராசரத்தினம் பிள்ளையிடம் கற்ற காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) தென்பாண்டி நாட்டில் அவ்விசையைப் பரப்பினார். இசுலாமியராகிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999) திருவரங்கத்தில் வாழ்ந்து நாகசுரத்தையே தம் உயிராகப் போற்றினார். கலை கற்றவர்க்கு உரியது. நமக்கு உரியது வேறொரு பொறுப்பு: அதனைக் காத்துத் தந்தவர் பெயரைக் காத்துத் தருதல். சோழன் கல்லில் எழுதினான்; நாம் தாளிலேனும் எழுதுவோம்.

அன்பர்கள் தம் குடும்பக் குறிப்புக்களைச் சங்கத்திற்கு எழுதியனுப்புவாராக. மாதந்தோறும் ஒரு பக்கம் அவற்றிற்கென ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். புகழ்பெற்றார் பெயர் முன்னும் ஒத்து ஊதினார் பெயர் பின்னும் வருதல் வேண்டா. அகரவரிசையே அப்பக்கத்திற்கு அமைவதாகுக.

வாழ்க நம் முன்னோர் பெயர்!